பூச்சி தின்னும் செடிக்குப் பூச்சி மருந்து

“ஏ அம்சம், நிறுத்து! யாரைக் கேட்டு அதுக்கு மருந்தடிக்கிற?”

எங்க வீட்டுக்காரர் போட்ட சத்தத்துல அடுப்பை அணைச்சுட்டுக் கொல்லைக்கு ஓடினேன்.

எங்க வீட்டுல வேலை செய்யற அம்சம் கையில ஸ்பிரேயரோட நிக்கிறா. காலடியில எங்க கடையில விக்கிற பூச்சி மருந்து பாட்டில். எதிர்ல அவரோட செல்லச் செடிங்க அத்தனையும் நனைஞ்சு சொட்டுது.

திருக்காட்டுப்பள்ளியில ரெத்தினம் உரக்கடைன்னா தெரியாதவங்க கிடையாது. அந்த ரெத்தினத்துக்கு இப்போ புதுசா ஒரு பைத்தியம், ஈ எறும்பைப் பிடிச்சுத் தின்னுற செடி. பெங்களூர்லேர்ந்து வரவழைச்சாரு. எனக்குத் தலைவலி மாத்திரை வாங்கியாரச் சொன்னா மறந்துடுற மனுஷன், அதுக்கு மட்டும் மழைத்தண்ணி பிடிச்சு வச்சு ஊத்துவாரு.

கூத்தைப் பாருங்க, பூச்சி தின்னுற செடியையே இப்போ பூச்சி தின்னுது. இலைக்கு அடியில பூரா அசுவினிப் பூச்சி. ஈரப் பஞ்சால ஒவ்வொண்ணாத் துடைச்செடுக்கணும்னு அம்சத்துக்கு உத்தரவு.

“பஞ்சுக்குப் போகலீங்கய்யா. அதான் அடிச்சேன். நம்ம கடை மருந்துதானே?”ன்னு சொன்னா அம்சம்.

எனக்கும் பத்திக்கிட்டு வந்துச்சு. “சொன்ன வேலையைச் செய்யாம, உனக்கெதுக்குடி இந்த அதிகப்பிரசங்கித்தனம்?”

பாவம், அவ வீட்டுக்காரன் வைரக்கண்ணு ஆஸ்பத்திரியில கெடக்கறானேன்னு ரெண்டு நாளாப் பொறுத்துப் போனேன். வயலுக்கு மருந்தடிச்சவன் அங்கேயே வாந்தியெடுத்து விழுந்துட்டான். “குடிச்சுட்டு வெயில்ல நின்னிருப்பான். பழியை மட்டும் நம்ம கடை மேல போடுறானுங்க”ன்னு இவர் சொன்னதை நானும் நம்பினேன்.

“மறுபடி அடிக்காதே! காத்து இந்தப் பக்கம் வருது!” தோள் துண்டை உருவி மூக்கைச் சுத்திக் கட்டிக்கிட்டாரு. என் கையைப் பிடிச்சு இழுத்தாரு. “அகிலாண்டம், உள்ள போ! ஜன்னலைச் சாத்து!”

“நம்ம மருந்துதானே? இதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறீங்க?”

“மருந்தா? வெஷம்டி அது! மேல பட்டாப் போதும், தோல் வழியா உள்ள எறங்கிடும். ஆளையே சாய்ச்சுடும்!”

அம்சம் ஸ்பிரேயரைத் தாழ்த்திக்கிட்டா.

“இதையேதாங்க டாக்டரும் சொன்னாரு.”

அம்சம் அவர் பக்கம் திரும்பினா.

“நெல்லுல புகையான் பூச்சி விழுந்திருக்குன்னு கடைக்கு வந்தப்போ, ‘மூஞ்சியில ஏதாச்சும் கட்டிக்கணுமாய்யா’ன்னு எங்க வீட்டுக்காரரு உங்களைக் கேட்டாரே, நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் மூக்குத் துண்டை இன்னும் இறுக்கிக்கிட்டாரு.

“‘பன்னீர் மாதிரிடா, சும்மா அடி’ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. அந்த ஆளு சட்டைகூட இல்லாம அடிச்சாரு. கள்ளுக்கடை வாசலைக்கூட மிதிக்காத மனுஷனைக் குடிகாரன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. நேத்துதான் கண்ணு முழிச்சாரு. முழிச்சதும் என்னைக் கேட்ட முதல் கேள்வியே, ‘நான் குடிச்சேன்னு நீயும் நம்புறியா?’ன்னுதான்.”

எனக்கு அவர் முகத்துல முழிக்கவே பிடிக்கலை.

“கோபம் இருந்தா வாயால திட்டு, அதுக்காக இப்படியா பண்ணுவ? உன் கையெல்லாம் பட்டிருக்கேடி, போய்க் கழுவு!”ன்னு அம்சத்தைப் பார்த்துக் கத்தினேன்.

அவ அசையலை. ஸ்பிரேயரைத் தூக்கித் தன் மூஞ்சியிலேயே நல்லா அடிச்சுக்கிட்டா. ஐயோன்னு அலறிட்டேன்.

“பயப்படாதீங்கம்மா, வெறும் தண்ணி. வெஷத்தை அடிச்சு அடுத்தவங்களைப் படுக்க வைக்க, நாங்க என்ன கடையா வச்சிருக்கோம்?”