மஞ்சள் திரை போட்ட சமையலறை

"இதுல ரெண்டு பேர் நின்னா மூச்சு முட்டுமேடி!" என்றாள் அக்கா.

தங்கைக்கோ கால் தரையில் பாவவில்லை. டப்பாக்களுக்கு அடியில் ரப்பர் விரித்தாள். அலமாரிக்குக் குறுக்கே கம்பி பொருத்தினாள். ஜன்னலுக்கு மஞ்சள் திரை மாட்டிவிட்டு, தள்ளி நின்று ரசித்தாள்.

"எதிர்ல வெறும் மதில். இதுக்குப் போய் திரையா?"

"நாளைக்குக் கடல் தெரியும்க்கா. அலுத்துப்போனா மலை!"

"நடக்கிற காரியமாப் பேசுடி."

"அண்ணி, கெட்டியாப் பிடிச்சுக்குங்க!" முன்னாலிருந்து தங்கையின் கணவர் கத்தினார்.

இன்ஜின் உறுமியது. ஓய்வு பெற்ற ஓட்டுநரான அவர் ஏலத்தில் எடுத்த, மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த பழைய பேருந்து குலுங்கி நகர்ந்தது. ஒரு டப்பாகூட விழவில்லை.

"ஐயோ, நிறுத்துங்க!" என்று அலறினாள் அக்கா. "மாத்துத்துணி எடுத்துக்கிட்டு ஓடி வந்துடறேன்!"