முன்கதைக்கும் முன்கதை

ஒரு வீட்டில் டிவிக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. பக்கத்துப் புத்தக அலமாரியில் ஒரு ராமபாணப் பூச்சி. ஒரு கையை இழந்த விண்வெளி மாலுமி ஒருவனைப் பற்றிய நாவலை அட்டை முதல் அட்டை வரை தின்று தீர்த்த பூச்சி அது. அதனால் அந்தக் கதையைப் பற்றிப் பேசத் தன்னை விட்டால் ஆளில்லை என்று அதற்கு நினைப்பு.

அந்த நாவலுக்கு முன்கதையைப் புதுப் புத்தகமாக எழுதி, அதை டிவி தொடராகவும் எடுத்துவிட்டார்கள்.

"மாலுமிக்குக் கை எப்படிப் போச்சுன்னு யாரு கேட்டா?" என்று பூச்சி தினமும் புலம்பியது. "தெரியாம இருந்ததுலதான் ருசியே இருந்துச்சு."

"ராக்கெட் வெடிச்சப்ப என்ன வெளிச்சம் தெரியுமா? திரை பூரா ஈசல்," என்றது பல்லி. "எனக்குப் பிடிச்சிருக்கு."

"உனக்கு வயிறு நிறைஞ்சா நல்ல தொடர்."

"புதுப் புத்தகத்துல பசை சரியில்லைன்னு நீ மட்டும் திட்டலையா?"

கடைசிப் பகுதி முழுக்க இருட்டான விண்வெளி. ஒரு ஈசல்கூட வரவில்லை. பசியோடு பல்லி அலமாரிக்கு ஏறியது. விளிம்பில் கொழுகொழுவென்று பூச்சி நின்றிருந்தது. பல்லி வாயைத் திறந்தது.

"கடைசியில எழுத்து போட்டான், பாத்தியா?" என்றது பூச்சி. "முன்கதைக்கும் முன்கதை வருதாம். உருப்படவே உருப்படாது. முதல் நாளே பாத்துடணும்."

இதை விழுங்கிவிட்டால் அதை யாரோடு உட்கார்ந்து பார்ப்பது? பல்லி வாயை மூடிக்கொண்டது.

"கொஞ்சம் உள்ளே தள்ளி நின்னு பேசு," என்றது. "நீ விளிம்புல நின்னா எனக்குக் கதையில கவனம் நிக்கலை."