மேலே போன மொட்டைப் பெட்டிஷன்

மாவட்ட நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிய சீனியர் கிளார்க்குக்கு, நேற்று வந்த தபால் பிரிவுக்காரி, தானும் விண்ணப்பித்திருந்த உயர் நீதிமன்ற வேலைக்குத் தேர்வானதிலிருந்து வயிறு எரிந்தது. தேர்வுப் பட்டியலில் தில்லுமுல்லு என்று மொட்டைப் பெட்டிஷன் ஒன்றை டைப் அடித்து, மாவட்ட நீதிபதி பேருக்குத் தபாலில் போட்டுவிட்டாள்.

பத்தாம் நாள் சின்னவள் அவள் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, என் மேல மொட்டைப் பெட்டிஷன் வந்துச்சு. நான்தான் பிரிச்சேன்."

"அடப்பாவமே! கிழிச்சுப் போட்டியா?"

"அதெப்படிக்கா? கீழ் கோர்ட்டு ஆளுங்க மேல புகார்னா நம்ம ஜட்ஜ் விசாரிக்கலாம். இது உயர் நீதிமன்ற நியமனம், அவருக்கு அதிகாரமில்ல. கையெழுத்து வாங்கி மேலே அனுப்பிட்டேன்."

பெரியவளுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. முகத்தை மட்டும் வாட்டமாக வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, அப்போ உன் வேலை?"

"எனக்கென்னக்கா? வீட்டுக்காரரை விட்டுட்டு அவ்வளவு தூரம் போக முடியாதுன்னு, பட்டியல் வந்த மறுநாளே எழுதிக் குடுத்துட்டேன். சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல. அடுத்த பேரு உங்களோடதுதான். ஆர்டர்கூட டைப் ஆயிடுச்சாம். இப்ப விசாரணை முடியற வரைக்கும் பட்டியலையே நிறுத்தி வெச்சுட்டாங்க."

"எ... எவ்வளவு நாள் ஆகும்?"

"மேலே போன ஃபைலாச்சே! நீங்க ரிட்டயர் ஆகறதுக்குள்ள வந்தா சரி."

சின்னவள் பெரியவளின் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கோ உங்க மேல பொறாமைக்கா."