இலை மூடிய பாதை

அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

இருபதடி தூரத்தில் மகள் இலைகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். ஆரணிக்கு ஆறு வயது. ஒவ்வொரு அடிக்கும் அவளுடைய நீலச் சப்பாத்து இலைக்குள் போய் மறைந்தது.

மறைந்த கால் திரும்ப வெளியே வரும்வரை தாய் மூச்சு விடவில்லை.

ஒக்டோபர் நடுப்பகுதி. ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேரம் காரில் வந்திருந்தார்கள், இலை பார்க்க. ஊரில் விடியக் கூட்டி அள்ளி நெருப்பு வைக்கிற சாமானைப் பார்க்க இங்கே கார் நிறுத்த இடம் இல்லை.

காட்டுப் பாதை நெடுக மரங்களில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். வழி தவறாமல் இருக்க. அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஊரில் யுத்தம் முடிந்த பிறகு, முகமாலையில் ஐந்து வருடம் கண்ணிவெடி எடுத்தவள் அவள். அங்கேயும் வெள்ளைத் தடி நட்ட இடத்தில் நம்பிக் கால் வைக்கலாம்.

ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகித் திறந்த வெட்டை ஒன்று வந்தது. அதில் கோடு இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இலைதான். மஞ்சள், செம்மஞ்சள், இரத்தச் சிவப்பு. தரையே தெரியவில்லை.

அழகாகத்தான் இருந்தது. அவள் கரையிலேயே நின்றுவிட்டாள்.

காரில் வரும்போதே கணவன் சிவரூபன் அவளிடம் வாக்கு வாங்கியிருந்தான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை இரண்டு தரம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். மற்றப் பிள்ளைகள் புல்லில் விழுந்து புரள, ஆரணி சிமெந்துத் தரையை விட்டு இறங்குவதில்லையாம். ஏனென்று கேட்டால், அம்மா முதலில் போகவேண்டும் என்கிறாளாம்.

நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள்தான் பிள்ளைக்குச் சொல்லிவந்தாள், நான் வைத்த இடத்தில் கால் வை என்று. விளையாட்டுப் போலத்தான் சொன்னாள். பிள்ளை அதை விளையாட்டாக எடுக்கவில்லை.

"இண்டைக்கு ஒருநாள் ஒண்டும் சொல்லாதையும்," என்றான் சிவரூபன். "பிள்ளை பிள்ளையா ஓடட்டும்."

அவளுக்கும் அதுதான் ஆசை. இந்தப் பயம் தன்னோடு ஒழிந்து போகவேண்டும். அதைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

அதற்காகத்தான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சிவரூபன் வெட்டையின் மறுகரைக்குப் போய், அங்கிருந்து கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கைகாட்டிக் கூப்பிட, கரையில் தயங்கி நின்ற ஆரணி இறங்கி ஓடி இப்போது நடுவுக்கு வந்துவிட்டாள். ஒரு பிடி இலையை அள்ளி மேலே எறிந்தாள். சிரித்தாள்.

இவ்வளவு சத்தமாக அவள் சிரித்துத் தாய் கேட்டதில்லை.

பிறகு பிள்ளை திரும்பித் தாயைப் பார்த்தாள்.

தாய் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக ஒரு சொல் சொல்லவில்லை. கை மட்டும் வாயில் இருந்தது.

பிள்ளை அந்தக் கையைப் பார்த்தாள்.

நின்றுவிட்டாள்.

குனிந்து தனக்குப் பின்னால் பார்த்தாள். மணல் என்றால் அடி பதிந்திருக்கும். சேற்றிலும் பதியும். இலையில் ஒன்றுமே பதியவில்லை.

"அம்மா, நான் வந்த அடி தெரியேல்லை."

சிவரூபன் ஓடி வரச்சொல்லிக் கூப்பிட்டான். பகிடி விட்டான். போகிற வழியில் ஐஸ்கிறீம் வாங்கித் தருகிறேன் என்றான். அவள் அசையவில்லை. சரி, தூக்கிக்கொண்டு வருவோம் என்று இலைக்குள் ஒரு காலை வைத்தான்.

"அப்பா, வராதேங்கோ."

அவள் கத்தவில்லை. தணிந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் அவன் அப்படியே நின்றான். தாயின் அந்தக் குரலை வீட்டில் தினமும் கேட்கிறவன் அவன்.

நடுவில் பிள்ளை ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

இது கனடா. இந்த இலைக்குக் கீழே மண்தான் இருக்கிறது. நாலு எட்டில் போய்ப் பிள்ளையைத் தூக்கிவிடலாம். தெரியும், தெரியும் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

கால் எழும்பவில்லை.

முழங்காலில் இருந்தாள்.

முதல் இலையைக் காம்பில் பிடித்து நேரே மேலே தூக்கினாள். பக்கவாட்டில் இழுக்கக் கூடாது. காலால் தள்ளவே கூடாது. முகமாலையில் பக்கத்துத் தடத்தில் வேலை செய்த யோகறஞ்சினி காய்ந்த பனையோலை ஒன்றைக் காலால் ஒதுக்கியவள். அன்றைக்கு அவளுடைய சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே வீட்டுக்குப் போனது.

தூக்கிய இலையை வலப்புறம் வைத்தாள். அடுத்த இலை. அதற்கடுத்தது. ஒரு கையகலம் தரை தெரிந்ததும் முழங்காலை முன்னே நகர்த்தினாள்.

பின்னால் வந்த ஒரு கூட்டம் இதை ஏதோ விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. ஒரு பெண் அவளைப் படம் எடுத்தாள். பிறகு எல்லோரும் இலையை உதைத்து உதைத்து வெட்டையைக் கடந்து போனார்கள். ஒவ்வொரு உதைக்கும் அவளுக்குத் தோள் ஒடுங்கியது.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக அழுகை வந்தது. கை மட்டும் தன்பாட்டில் வேலை செய்தது.

பாதித் தூரம் போனதும் நிமிர்ந்தாள், பயப்படாதே என்று பிள்ளைக்கு ஒரு சொல் சொல்ல.

ஆரணியும் முழங்காலில் இருந்தாள்.

தாயின் பக்கமாகக் குனிந்து, ஒரு இலையைக் காம்பில் பிடித்து, நேரே மேலே தூக்கினாள். வலப்புறம் வைத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த இலையைத் தொட்டாள். தலை நிமிரவில்லை.

"பயப்பிடாதேங்கோ அம்மா," என்றாள். "இஞ்சாலை நான் பாத்துக்கொண்டு வாறன்."