சமயநல்லூருக்கு மேலே

வைகை வெள்ளித் தகடாக மின்ன, குட்டி விமானத்தைச் சமயநல்லூர்ப் பொட்டலில் இறக்கத் தாழ்ந்து வந்தான் முகம்மது கனி. பின்னாலிருந்து அவன் மனைவி ஷரீபா சொல்லிக்கொண்டே வந்தாள்.

“மூக்கைத் தூக்கிப் பிடிக்கிற ட்ரிம் லீவரைக் கொஞ்சம் பின்னால இழுங்க. ஓட்டுற ஸ்டிக் கையில கனக்கவே கூடாது. ஆங், பஞ்சாட்டம் மிதக்குது பாருங்க.”

மிதந்தது. கனிக்குக் கண் சொக்கியது.

“தரையில ஆட்டு மந்தை நிக்குது. இறங்காதீங்க, மேல போங்க.”

அவன் எஞ்சினை முழு வேகத்துக்கு முடுக்கிவிட்டு, ட்ரிம் லீவரைத் தேடினான்.

“போச்சு, மூக்கு செங்குத்தா ஏறிருச்சு. மொதல்ல ஸ்டிக்கை முன்னால அமுக்கணும், பொறவுதான் ட்ரிம். இப்ப விழுந்து ரெண்டு பேரும் மௌத்து,” என்றாள் ஷரீபா நிதானமாக.

கனி அசடு வழிய, முழங்கால்களுக்கு நடுவே பிடித்திருந்த உலக்கையைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் திரும்பி உட்கார்ந்தான். பின் முக்காலியில் ஷரீபா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு லைசென்ஸ் பரீட்சை, துரை முன்னாடி ஓட்டிக் காட்டணும். நீ விமானம் ஓட்டக் கத்துக்குடுக்கிற கிளப் வாசலைக்கூட மிதிச்சதில்ல. இம்புட்டும் யாருகிட்ட படிச்ச?”

“உங்ககிட்டத்தான். தினமும் தூக்கத்துல ஒப்பிக்கிறீங்களே,” என்றாள். “அதுல ஒருநாளும் தப்பு விட்டதில்ல. பத்திரமா தரையில இறக்கிட்டுத்தான் பொரண்டு படுக்குறீங்க.”