தூக்கி வைத்த பாலம்

கோட்டையின் பாலம் தூக்கியிருந்தது.

சாராள் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பாலம் இறங்கியிருந்தால், வா. தூக்கியிருந்தால், வராதே. அவளுக்கும் பக்கத்து வீட்டு ரத்தினத்துக்கும் நடுவே ஒரு வருஷமாக இருக்கும் பாஷை அது.

ரத்தினத்தின் அக்கா புருஷன் சிங்கப்பூரிலிருந்து பிளாஸ்டிக் கட்டைகள் கொண்டுவந்திருந்தார். பெட்டி ஒன்று, பிள்ளைகள் இரண்டு வீட்டில். சண்டை வேண்டாமென்று ரத்தினம்தான் ஒரு பலகையின் மேல் எல்லாவற்றையும் கோட்டையாகக் கட்டிக் கொடுத்தான். நாலு கோபுரம், நடுவில் ராணி மாளிகை, முன்னால் ஏற்றி இறக்கும் பாலம். ஒரு வாரம் அந்த வீட்டில் இருக்கும், ஒரு வாரம் இந்த வீட்டில். ஒவ்வொரு தடவை வரும்போதும் ஏதாவது ஒரு ஜன்னல் புதிதாக முளைத்திருக்கும்.

பிள்ளைகள் விளையாடும் பொம்மையை யார் சந்தேகப்படுவார்கள்?

அண்ணன் வில்பிரட்கூட அதை மட்டும் விட்டுவைத்திருந்தான். மற்றதற்கெல்லாம் அவனிடம் ஒரே பேச்சுதான். "அவங்க யாரு, நாம யாரு? சுவரோட சுவரா இருந்தா ஒண்ணாயிடுமா?"

இன்றைக்கு வெறும் சந்திப்பு இல்லை. வண்டலூர் ஸ்டேஷனில் ரத்தினம் காத்திருப்பான். அங்கிருந்து செங்கல்பட்டு, அவன் சிநேகிதன் வீடு. அப்புறம் தாம்பரத்துக்குத் திரும்புவதாக இருந்தால் புருஷன் பெண்டாட்டியாகத்தான்.

கட்டிலுக்கு அடியில் பை தயாராக இருந்தது.

காலை ஆராதனை முடிந்து வந்ததும் அண்ணனே பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பலகையை வாங்கி வந்திருந்தான். "ஜெமிமா, உன் அரண்மனை வந்தாச்சுடி!" என்று மகளைக் கூப்பிட்டான். வீடே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தான்.

அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று.

சாராள் அறைக்குள் போய்ப் பையைப் பிரித்தாள். புடவைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.

"பயந்தாங்கொள்ளி" என்று ரத்தினத்தை நினைத்து, அலமாரிக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனசு கேட்காமல் மறுபடியும் கோட்டையிடமே வந்தாள்.

அப்போதுதான் வாசல் கோபுரத்தைச் சரியாகப் பார்த்தாள்.

ரத்தினம் கட்டட வரைபடம் போடுகிறவன். பொம்மைக் கட்டையானாலும் கீழ் வரிசையின் இணைப்புக்கு மேலே இன்னொரு இணைப்பு வரவிட மாட்டான். "நேர்க்கோடு வந்தா சுவர் பிளந்துடும்டா" என்று பிள்ளைகளின் தலையில் செல்லமாகக் குட்டுவான்.

இந்தக் கோபுரத்தில் இணைப்பு உச்சியிலிருந்து அடிவரை ஒரே கோடாக இறங்கியது.

இது அவன் கை இல்லை.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் பயப்படவில்லை. வராதே என்று அவன் சொல்லவில்லை.

அப்படியானால் அவன் வண்டலூரில்தான் நிற்கிறான்.

"அத்தை, ஜூவுக்குப் போகலையா?"

ஜெமிமா பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஆறு வயது. முகத்தை உம்மென்று வைத்திருந்தாள்.

"எந்த ஜூ கண்ணு?"

"வண்டலூர் ஜூ. நீங்களும் ரத்தினம் மாமாவும் போறீங்கல்ல? காம்பவுண்டுகிட்ட ரகசியமா பேசினீங்களே. என்னை மட்டும் விட்டுட்டுப் போறீங்க. அதான் அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

வண்டலூர் என்றால் குழந்தைக்கு வேறு என்ன தெரியும்? புலி, யானை, வெள்ளை மயில்.

சாராள் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இந்தப் பாலத்தைத் தூக்கினது யாரு?"

"அப்பாதான். பாலம் கீழே இருந்தா அத்தை பவுடர் போட்டுக்குவாங்க, மேலே இருந்தா எங்கேயும் போக மாட்டாங்கன்னு சொன்னேன். அப்பா என்னைத் தூக்கி முத்தம் கொடுத்தாங்க." ஜெமிமா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தூக்கும்போது கோபுரம் உடைஞ்சிடுச்சு. அப்பாவுக்குக் கட்டவே தெரியலை, அத்தை."

"அப்பா எங்கே?"

"ஜூவுக்கு. ரத்தினம் மாமா அங்கே இருக்காங்களான்னு பார்த்துட்டு வந்து, இன்னொரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போவாங்களாம்."

சாராள் சமையலறைக்கு ஓடினாள்.

அண்ணி செல்வமேரி ஞாயிற்றுக்கிழமைக் கறியை அலசிக்கொண்டிருந்தாள். சாராளின் காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. தண்ணீரில் கிடந்த கைகள் மட்டும் நின்றன.

"முன்கேட்டை வெளியே பூட்டிட்டுப் போயிருக்காரு" என்றாள். "பின்கதவைத் திறந்து வச்சிருக்கேன். போ சாராள்."

செருப்பைத் தேடாமல் சாராள் கதவைத் தள்ளினாள். வெயில் முகத்தில் அடித்தது.

"உங்க அண்ணன் தனியா போகலை, கூட நாலு பேரு" என்று முதுகுக்குப் பின்னால் அண்ணியின் குரல் வந்தது. "சர்ச்சு சட்டையைக் கழட்டி மாட்டிட்டு, வெள்ளையடிக்கும்போது போடற, கறை பட்டாலும் பரவாயில்லாத பழைய சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனாரு."