மலையேறிடுச்சு

"மிக்ஸியில சட்னி அரைக்கிற மாதிரி கத்துதுங்க. மத்தியானம் ஆனா தினமும் இதே கூத்துதான்."

பவித்ரா சொன்னது ஹாலில் இருந்த தன் கம்ப்யூட்டரைப் பற்றி. விளம்பரங்களுக்கு அனிமேஷன் செய்து தரும் கம்பெனியில் அவளுக்கு வேலை. திருமுல்லைவாயில் பிளாட்டில் வீட்டிலிருந்தே செய்கிறாள். காலையில் அது சமர்த்தாகத்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டு அவள் உள்ளே போய்க் கொஞ்சம் கண்ணசந்து எழுந்து வந்தால், அதன் விசிறி ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்க்கிறவன் அவள் கணவன் தினகரன். சனிக்கிழமை சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். கோளாறு சீக்கிரமே பிடிபட்டது. ஸ்கிரீன் தானாக அணைந்து தூங்கும். மவுசை ஆட்டினால் விழித்துக்கொள்ளும். விழித்த கையோடு கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்துக்குப் போய்ச் சூடேறிவிடும். அப்புறம் இறங்கவே இறங்காது.

கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதிதாகப் போட்டான். பவர் செட்டிங்கில் 'எப்போதும் முழு வேகம்' என்று இருந்ததை 'தேவைக்கேற்ப' என்று மாற்றினான். தூங்க வைத்து எழுப்பிப் பார்த்தான். விசிறி கப்சிப்.

"சரியாயிடுச்சு. ஆனா பவி, ஸ்கிரீன் தூங்கி முழிச்சாதான் இந்தக் கோளாறே வரும். நீ உள்ள படுத்திருக்கும்போது இதை யாரு எழுப்புறது?"

பவித்ரா சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கே தினகரனின் அம்மா நாகம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெள்ளானூரில் மூத்த மகன் வீட்டிலிருந்து கொஞ்ச நாள் இருக்கலாமென்று வந்தவள்.

"நானா எதுவும் சொல்லலைங்க" என்று குரலைத் தாழ்த்தினாள் பவித்ரா. "அரை மணியில எழுப்பி விடுங்க அத்தைன்னு தினமும் சொல்லிட்டுத்தான் படுக்கிறேன். எழுப்ப மாட்டாங்க. நானா பதறி எழுந்து வந்தா, 'மகாராணி எழுந்தாச்சா'ன்னு குத்தல் வேற. ராத்திரி வெளிநாட்டுக்காரங்க மீட்டிங் முடிஞ்சு எத்தனை மணிக்குப் படுக்கிறேன்னு உங்களுக்கே தெரியும்."

"ஆபீஸ்ல ஏதாவது கேட்டாங்களா?"

"போன மாசம் கேட்டாங்களே. ஆபீஸ் சாட்ல, மெஷினைக் கொஞ்ச நேரம் தொடாததுல என் பேரு பக்கத்துல பச்சைப் புள்ளி போயி மஞ்சளாயிடுச்சுன்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கினார். அக்காகிட்ட போன்ல அழுதேன். இன்னொரு தடவை மஞ்சளாச்சுன்னா வேலையை மறந்துட வேண்டியதுதான். ஏதோ இந்த மாசம் தப்பிச்சுக்கிட்டு இருக்கேன்."

தினகரனுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் முன்பு மதியம் திடீரென்று வீட்டுக்கு வந்தபோது, அந்த மேஜையிலிருந்து அம்மா விலுக்கென்று விலகியது ஞாபகம் வந்தது. 'தூசி தட்டினேன்டா' என்றாள். கையில் துணியே இல்லை.

மருமகளை வேவு பார்க்கிறாயா என்று அம்மாவிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் சண்டை வரும், மூக்கைச் சிந்துவாள். பூட்டுப் போடுவது சுலபம். ஸ்கிரீன் விழித்தால் நாலு இலக்க நம்பர் கேட்கும்படி செய்து, நம்பரைப் பவித்ராவுக்கு மட்டும் சொன்னான். மொட்டை மாடிக்குப் போய் அண்ணன் சரவணக்குமாரையும் போனில் கூப்பிட்டான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போயிடுண்ணா. இங்க சரிப்படலை."

திங்கட்கிழமை மதியம் ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து போன்.

"தினா, பொட்டி மலையேறிடுச்சுடா."

அம்மாவின் வாயில் அணைந்தது என்ற சொல்லே வராது. சாமி விளக்கு அணைந்தால் மலையேறிடுச்சு என்பாள். கரண்ட் போனாலும் மலையேறிடுச்சுதான்.

"ஏறட்டும் விடும்மா."

"எப்பவும் மவுசை ஒரு ஆட்டு ஆட்டினா வந்துடும்டா. இன்னிக்கு இன்னாவோ நம்பர் கேக்குது. சீக்கிரம் சொல்லு."

எத்தனை தைரியம் என்று நினைத்தான். வராந்தாவுக்கு வந்தான்.

"அவ வேலை பாக்குற மெஷின்ல உனக்கு என்னம்மா வேலை? தினமும் நீ அதை நோண்டுறது எனக்குத் தெரியும். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். அவ பகல்ல தூங்கறதைக் கணக்குப் பார்த்து ஊருக்குச் சொல்லணுமா?"

 அம்மாவின் குரல் ரகசியமாக வந்தது.

"திட்றதை ஊட்டுக்கு வந்து திட்டுடா. மூலையில பச்சையா ஒரு பொட்டு கீதுல்ல, அது மலையேறினா பொண்ணை ஆபீசுல கேள்வி கேக்கறானுங்க. அன்னிக்கு அவங்க அக்காகிட்ட அழுதுகினு சொன்னாளே. அது எரிஞ்சிகினே இருக்கட்டும்னு நானும் அடுப்புக்கும் பொட்டிக்குமா ஓடிகினு கீறேன். இன்னிக்குன்னு பார்த்து பூட்டிக்கிச்சு."

 தினகரனுக்குத் தான் போட்ட பூட்டை நினைக்கவே வெட்கமாக இருந்தது. அண்ணனிடம் பேசியது அதைவிட உறுத்தியது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னான்.

"அவளை எழுப்பிக் கேட்டிருந்தா, அவளே சொல்லியிருப்பாளேம்மா."

"எழுப்பறதா இருந்தா உன்கிட்ட எதுக்குடா நம்பர் கேக்கறேன்?"